சீன உணவகம்: புகாரோ பாராட்டோ எழுதும் முன் கவனிக்க வேண்டியவை

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். சீன உணவகங்களில் சாப்பிட்ட அனுபவத்தை வாசகர்கள் எழுதும்போது திரும்பத் திரும்ப வருபவை ஏழெட்டு வாக்கியங்கள்தான். 'ஃப்ரைட் ரைஸ் குழைந்திருந்தது', 'இறைச்சி ரப்பர் மாதிரி இழுத்தது', 'சூப் வெறும் கஞ்சி', 'எந்த ஐட்டம் கேட்டாலும் ஒரே ருசி', 'சாப்பிட்டு வந்ததும் தலைவலி'. பாராட்டும் இப்படித்தான்: 'அருமை', 'சூடாகக் கொடுத்தார்கள்', 'அளவு தாராளம்'. இதைப் படிக்கும் இன்னொருவருக்கு அந்தக் கடைக்குப் போகலாமா, போனால் எதைக் கேட்கலாம் என்பது தெரியாது. கடைக்காரருக்கும் எதைத் திருத்துவது என்று புரியாது. சீனச் சமையலில் ஒரு தட்டு தேறுவதற்கும் கெடுவதற்கும் உள்ள காரணங்கள் கொஞ்சம்தான். அவற்றில் பாதிக்கு மேல் மேசையில் உட்கார்ந்தபடியே கண்டுபிடித்துவிடலாம். அதைச் சொல்லத்தான் இக்கடிதம். சற்று நீளமாகிவிட்டது, பொறுத்துக்கொள்ள வேண்டும்.

முதலில் நெருப்பு. வோக் எனப்படும் வட்ட அடி வாணலி கார்பன் எஃகுத் தகட்டால் ஆனது. கனம் ஒன்றரை, இரண்டு மில்லிமீட்டர்தான் இருக்கும். மெல்லிய தகடு என்பதால் சூடு ஏறுவதும் இறங்குவதும் உடனுக்குடன் நடக்கும். வீட்டு அடுப்பின் பெரிய பர்னர் 3 முதல் 5 கிலோவாட் வரை சூடு தரும். சீன உணவகத்தின் வோக் அடுப்பு 30 கிலோவாட்டையும் தாண்டும். எண்ணெய் புகையத் தொடங்கும் நேரத்தில் காயோ இறைச்சியோ விழுந்ததும் மேலிருக்கும் ஈரம் அந்த நொடியே ஆவியாகிப் போய்விடுகிறது; மேல்பக்கம் சிவக்கிறது. மாஸ்டர் தூக்கித் தூக்கிப் போடும்போது தெறிக்கும் எண்ணெய்த் துளிகள் தீயில் பற்றி, அந்தப் புகை மணம் உணவில் ஏறுகிறது. கான்டனீஸ் மொழியில் இதற்கு 'வோக் ஹே' என்று பெயர். வாணலியின் மூச்சு என்று பொருள் கொள்ளலாம். கருகலுக்கு ஒரு படி முன்னால் நிற்கும் மணம் அது. கசந்தால் அது வோக் ஹே ஆகாது, கருகல்தான்.

இந்த மணம் தட்டு மேசைக்கு வந்த முதல் இரண்டு மூன்று நிமிடங்கள்தான் நிற்கும். தட்டு வந்த பிறகு ஐந்து நிமிடம் படம் எடுத்துவிட்டு, அதன்பின் சாப்பிட்டு, மணமே இல்லை என்று எழுதுவது சமைத்தவருக்கு நியாயம் செய்வதாகாது.

அத்தனை பெரிய நெருப்புக்கும் ஓர் எல்லை உண்டு. ஒரு வாணலியில் ஒரு தட்டு, மிஞ்சினால் இரண்டு தட்டு. கூட்ட நேரத்தில் நான்கு ஆர்டரைச் சேர்த்துக் கொட்டினால் காய்களும் இறைச்சியும் விடும் நீர் ஆவியாக வழியில்லாமல் அடியில் தேங்கும். பிறகு அங்கே நடப்பது வதக்கலே இல்லை. எல்லாம் அந்த நீரிலேயே வேகும். முட்டைகோஸ் துவண்டு, குடைமிளகாயின் நிறம் மங்கி, தட்டின் அடியில் பழுப்புத் தண்ணீர் நிற்கிறதா? காரணம் இதுதான். ருசி பார்க்கக்கூடத் தேவையில்லை; தட்டை லேசாகச் சாய்த்தால் தெரிந்துவிடும். ஒழுங்காக வதக்கிய ஐட்டத்தில் சாஸ் துண்டுகளின் மேல் ஒட்டிப் பளபளக்கும். அடியில் ஒரு மேசைக்கரண்டிக்கு மேல் தேங்காது. வெங்காயத்தைக் கடித்தால் நறுக்கென்று இருக்கும்; பச்சை வாடையும் இருக்காது. இரண்டும் ஒருசேர அமைந்திருந்தால் அடுப்பில் நிற்பவர் தேர்ந்த கை என்று தைரியமாக எழுதலாம்.

ஃப்ரைட் ரைஸ் பற்றி வரும் புகார்களில் அடுப்பைக் குறை சொல்வோர் அதிகம். தவறு பெரும்பாலும் அதற்குச் சில மணி நேரம் முன்பே நடந்திருக்கும். அரிசியைத் தண்ணீர் தெளியும்வரை கழுவி, வழக்கத்தைவிடப் பத்தில் ஒரு பங்கு தண்ணீர் குறைத்து வேகவைத்து, அகலமான தட்டில் இரண்டு மூன்று சென்டிமீட்டர் உயரத்துக்கு மேல் போகாமல் பரப்பி ஆறவிட வேண்டும். ஆறும்போது மேல் ஈரம் காய்கிறது. குளிரில் வைத்தால் பருக்கைக்குள் இருக்கும் மாவுச்சத்து மீண்டும் இறுகுகிறது. அப்படி இறுகிய பருக்கைதான் வாணலியில் உருண்டு உதிரும். பழைய சோறுதான் வேண்டும் என்று கட்டாயம் இல்லை. பரப்பி மின்விசிறிக் காற்றில் ஒரு மணி நேரம் வைத்தாலும் போதும். பானையிலிருந்து சூடாக அள்ளிப் போட்டால் பருக்கைகள் ஒன்றோடொன்று ஒட்டும். ஒட்டியதைப் பிரிக்கக் கரண்டியால் குத்துவார்கள்; பருக்கை உடையும்; உடைந்த பருக்கை மாவை விடும்; அதைச் சமாளிக்க இன்னும் எண்ணெய் ஊற்றுவார்கள். குழைவும் எண்ணெய்ப் பிசுக்கும் ஒரே தட்டில் சேர்ந்து வருவது இப்படித்தான்.

அந்தச் சோற்றைத் தூக்கிப் போடுவதிலும் கணக்கு உண்டு. தேர்ந்த சமையல்காரர் நொடிக்கு ஏறத்தாழ மூன்று முறை வாணலியை அசைக்கிறார் என்று 2020-இல் வெளியான ஓர் இயற்பியல் ஆய்வு அளந்து சொன்னது. ஒவ்வொரு பருக்கையும் சூட்டைத் தொட்டுக் கருகுவதற்குள் காற்றில் எழும்பி ஆறி விழுகிறது. தோளுக்கு இது எத்தனை கடுமையான வேலை என்பதையும் வாசகர்கள் நினைத்துப் பார்க்க வேண்டும்.

நிறத்தையும் பாருங்கள். யாங்ஜோ என்ற சீன நகரத்தின் பாணி ஃப்ரைட் ரைஸில் சோயா சாஸ் இருக்காது, அல்லது பெயருக்குத்தான் இருக்கும். பருக்கை வெளுப்பாக, முட்டையின் மஞ்சள் அங்கங்கே தெரிய வரும். அதை 'நிறமே இல்லை' என்று குறை சொல்லக் கூடாது. மாறாக, தட்டு முழுவதும் ஒரே சீரான பழுப்பு என்றால் டார்க் சோயா சாஸ் தாராளமாக விழுந்திருக்கிறது. லைட் சோயா உப்புக்கும் ருசிக்கும். டார்க் சோயா நிறத்துக்கும் லேசான இனிப்புக்கும். ஒன்றின் வேலையை மற்றதால் செய்ய முடியாது. நிறத்தைக் கூட்ட லைட் சோயாவைக் கூட்டியவர் தட்டில் உப்புக் கரிக்கும்.

சோற்றைப் பற்றி இன்னொன்று, ருசியைவிட முக்கியமானது. பேசில்லஸ் சீரியஸ் என்ற கிருமியின் விதைத்துகள் வேகும் சோற்றிலும் சாகாது. வெந்த சோறு வெதுவெதுப்பாகப் பல மணி நேரம் கிடந்தால் அது முளைத்துப் பெருகி நஞ்சை விடுகிறது. வாந்தியை உண்டாக்கும் அந்த நஞ்சு 121 டிகிரி செல்சியஸில் 90 நிமிடம் இருந்தாலும் அழியாதது. ஆகவே, பிறகு எத்தனை கொதிக்கக் கொதிக்க வறுத்தாலும் பயன் இல்லை. சாப்பிட்ட அரை மணி முதல் ஆறு மணி நேரத்துக்குள் வாந்தி வந்தால் இந்தக் கிருமியைச் சந்தேகிக்கலாம். அதே கிருமி தரும் இன்னொரு வகை நோய், ஆறு முதல் பதினைந்து மணி நேரம் கழித்து வயிற்றுப்போக்காக வரும். காப்பதற்கு வழி எளிது: வெந்த சோறு இரண்டு மணி நேரத்துக்குள் 21 டிகிரிக்கும், அடுத்த நான்கு மணி நேரத்துக்குள் 5 டிகிரிக்கும் இறங்க வேண்டும். ஆழமான அண்டாவில் மூடி வைத்த சோறு ஒருநாளும் இந்த வேகத்தில் ஆறாது. ஃப்ரைட் ரைஸ் சாப்பிட்டு உடம்புக்கு முடியாமல் போனவர்கள், சாப்பிட்ட நேரத்தையும் முதல் வாந்தியின் நேரத்தையும் குறித்து உணவுப் பாதுகாப்பு அதிகாரியிடம் சொன்னால் விசாரணைக்கு அது பெரிய உதவி. 'சாஸில் ஏதோ கலந்திருக்கிறார்கள்' என்று எழுதினால் விசாரணை வேறு பக்கம் போய்விடும். வாங்கி வந்து மிஞ்சியதை மேசையில் விட்டுவைக்கும் வீட்டுக்கும் இந்தக் கணக்கு அப்படியே பொருந்தும்.

இறைச்சிக்கு வருகிறேன். சீன உணவகத்தில் சிக்கன் வழுவழுப்பாக, பட்டுப்போல் இருப்பதைப் பார்த்து 'இது உண்மையான இறைச்சிதானா' என்று சந்தேகப்படுவோர் உண்டு. அது ஒரு முறை. அரைக் கிலோ இறைச்சியை நாருக்குக் குறுக்காக மூன்று நான்கு மில்லிமீட்டர் கனத்தில் சீவி, ஒரு முட்டையின் வெள்ளைக் கரு, ஒரு மேசைக்கரண்டி கார்ன்ஃப்ளார், ஒரு மேசைக்கரண்டி ஷாவ்சிங் அரிசி ஒயின், கொஞ்சம் உப்பு சேர்த்துப் பிசிறி அரை மணி நேரம் வைப்பார்கள். பிறகு 130 டிகிரி சுற்றியுள்ள மிதமான எண்ணெயில் 30, 40 நொடி விட்டு எடுத்துவிடுவார்கள். எண்ணெய் வேண்டாம் என்றால் கொதிக்கும் தண்ணீரிலும் செய்யலாம். மேலே ஒரு மெல்லிய உறை படியும். உள்ளே சாறு நிற்கும். கடைசியில் வாணலிக்கு வரும்போது ஒரு நிமிட வேலைதான் மிச்சம்.

மாட்டிறைச்சிக்குச் சமையல் சோடா சேர்ப்பதும் உண்டு. அரைக் கிலோவுக்குக் கால் தேக்கரண்டி, அதிகம் போனால் அரை; இருபது நிமிடம்; பிறகு நன்றாகக் கழுவுதல். காரத்தன்மை கூடுவதால் புரதம் சூட்டில் இறுகிச் சுருங்குவது குறைகிறது. தவறு நடப்பது அளவிலும் நேரத்திலும். சோடா கூடினாலோ இரவு முழுக்க ஊறினாலோ நார் கரைந்து, கடித்தால் பஞ்சுபோல் கொழகொழப்பும் நாக்கில் சோப்பு வாடையும் வரும். கழுவாமல் விட்டாலும் அதே வாடைதான். எனவே 'இறைச்சி சரியில்லை' என்பதில் நேரெதிரான இரண்டு குறைகள் இருக்கின்றன. இழுத்தால் நாரோடு சேர்த்து வெட்டியிருக்கிறார்கள், அல்லது அதிக நேரம் வேகவிட்டிருக்கிறார்கள். கொழகொழத்துச் சோப்பு வாடை அடித்தால் சோடா மிஞ்சியிருக்கிறது. எது என்று எழுதினால் சமையலறைக்கு உடனே புரியும். இறாலும் இப்படியே: உப்பும் சிறிது சோடாவும் போட்டுப் பிசைந்து, குளிர்ந்த ஓடும் நீரில் அலசுவதால்தான் கடித்ததும் நறுக்கென்கிறது. அந்த நறுக்கு நல்ல கைவேலையின் அடையாளம். போலி இறால் என்று அஞ்ச வேண்டாம்.

சூப்பைக் கஞ்சி என்று சொல்பவர்கள் கார்ன்ஃப்ளாரைத்தான் குறிக்கிறார்கள். ஒரு பங்கு மாவுக்கு இரண்டு பங்கு பச்சைத் தண்ணீர் கரைத்து, கொதிக்கும் சூப்பில் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு, மீண்டும் கொதி வந்து அரை நிமிடமாவது வேக வேண்டும். வேகாவிட்டால் சுண்ணாம்பு போன்ற மாவு ருசி நிற்கும். கரண்டியின் முதுகில் மெல்லிய படலமாக நின்றால் பதம். கூழாக ஒட்டினால் அதிகம். முட்டை விடுவது மாவு கெட்டியான பிறகுதான். அடுப்பைத் தணித்து, நூலாக ஊற்றி, சில நொடி விட்டுக் கிளறினால் பூவாக விரியும். கெட்டியாகும் முன் ஊற்றினால் முட்டை சிதறி சூப் கலங்கும்.

ஹாட் அண்ட் சோர் சூப்பில் காரம் வெள்ளை மிளகிலிருந்து வர வேண்டும். புளிப்பு, முறையாகச் செய்தால், ஜென்ஜியாங் நகரத்தின் கறுப்பு அரிசி வினிகரிலிருந்து. இரண்டின் மணமும் கொதியில் பறந்துவிடும் என்பதால் அடுப்பை அணைத்த பிறகே சேர்ப்பது வழக்கம். காலையில் மொத்தமாகக் காய்ச்சி மாலை வரை சூட்டில் வைத்தால் காரம் செத்து, புளிப்பு மட்டும் தட்டையாக நிற்கும். அரிந்த மரக்காளான், டோஃபு, மூங்கில் குருத்து ஆகியவை இருக்கின்றனவா என்றும் பாருங்கள். சாப்பிடச் சாப்பிடச் சூப் நீர்த்துப் போவதை 'தண்ணீர் கலந்தார்கள்' என்று சிலர் நினைக்கிறார்கள். நம் உமிழ்நீரில் உள்ள அமைலேஸ் நொதி மாவுச்சத்தை உடைக்கிறது. கரண்டி வாய்க்கும் கிண்ணத்துக்கும் போய்வரப் போய்வரச் சூப் இளகும். மிச்சத்தைப் பார்சல் கட்டி எடுத்துப்போனால் வீட்டில் வெறும் நீராகத்தான் இருக்கும். கடையின் குற்றம் ஏதும் இல்லை.

'எந்த ஐட்டம் கேட்டாலும் ஒரே ருசி' என்ற புகார், எல்லாவற்றிலும் நியாயமானது. மெனுவில் 200 பெயர் இருக்கும்; சமையலறையில் மூன்று பேர் இருப்பார்கள். காலையில் கலக்கி வைத்த நான்கைந்து சாஸ்தான் எல்லா ஐட்டத்திலும் விழும். இதைச் சோதிக்க எளிய வழி, அடிப்படையிலேயே வேறுபட வேண்டிய இரண்டு ஐட்டங்களைச் சேர்த்துக் கேட்பது. உதாரணமாகக் குங் பாவ் சிக்கனும் மாப்போ டோஃபுவும். குங் பாவ் என்பது சிங் வம்சக் காலத்தில் சிச்சுவானை ஆண்ட டிங் பாவ்ஜென் என்ற அதிகாரியின் பட்டப் பெயரிலிருந்து வந்தது. எண்ணெயில் கறுக்கவிடாமல் சிவக்க வறுத்த காய்ந்த மிளகாய், சிச்சுவான் மிளகு, லேசான புளிப்பும் இனிப்பும், கடைசி நொடியில் சேரும் வேர்க்கடலை ஆகியவை அதன் அடையாளம். கடலை நமுத்திருந்தால் முன்பே சாஸில் போட்டுவிட்டார்கள். மாப்போ டோஃபு செங்டூ நகரத்துக்குரியது. பீசியான் ஊரின் பெயர் பெற்ற, மொச்சை வகைப் பயறும் மிளகாயும் புளிக்கவைத்த டோபன்ஜியாங் விழுதுதான் அதன் உயிர். விழுதை எண்ணெயில் சிவப்பு இறங்கும்வரை வதக்க வேண்டும். மேலே சிவந்த எண்ணெய் மிதப்பது குறை ஆகாது. அப்படித்தான் இருக்க வேண்டும். இரண்டும் ஒரே பழுப்புக் குழம்பில் வந்தால், அந்தக் கடையில் மற்ற 198 பெயர்களையும் தேட வேண்டாம்.

சிச்சுவான் மிளகு நாக்கை மரத்துப்போகச் செய்வதைக் கண்டு பயந்து எழுதுபவர்களும் உண்டு. அதிலுள்ள சான்ஷூல் என்ற பொருள் உதட்டின் தொடுநரம்புகளைத் தூண்டுகிறது. நொடிக்கு 50 முறை அதிர்வது போன்ற உணர்வு அது என்று அளந்திருக்கிறார்கள். சில நிமிடத்தில் தானே அடங்கிவிடும். மரத்துப்போகவே இல்லை என்றால்தான் மிளகு பழசு.

'இது அசல் சீன உணவே இல்லை' என்ற விமர்சனத்தை அளந்து வீச வேண்டும். ஜெனரல் ஸோ சிக்கன் என்று உலகம் அறிந்த ஐட்டத்தை ஹூனானில் பிறந்த பெங் சாங்குவே என்ற சமையல்காரர் தைவானில் 1950-களில் உருவாக்கினார். அது இனிப்பேறியது நியூயார்க்கில், 1970-களில். பெயருக்குரிய தளபதி ஸோ ஸோங்டாங் 1885-லேயே மறைந்தவர். போன இடத்து நாக்குக்கு ஏற்ப மாறுவது சீனச் சமையல்காரர்களின் தொழில்திறமையில் ஒரு பாதி. எண்ணெய் நல்லதா, நெருப்பு போதுமா, காய் புதியதா என்ற கேள்விகள் எந்த வடிவத்துக்கும் பொருந்தும். அவற்றைக் கேட்டால் போதும் என்பதே என் எண்ணம்.

இனி தலைவலி. இதைப் பத்திரிகைக்கு எழுதும் கடிதத்தில் சொல்லியே ஆக வேண்டும். ஏனெனில் அந்த நம்பிக்கை பரவியதே ஒரு பத்திரிகைக் கடிதத்தால்தான். 1968 ஏப்ரலில் அமெரிக்க மருத்துவ இதழான நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் ராபர்ட் ஹோ மான் குவாக் என்ற மருத்துவர் ஆசிரியருக்கு எழுதிய கடிதம் வெளியானது. சீன உணவகங்களில், குறிப்பாக வட சீன உணவு பரிமாறும் இடங்களில் சாப்பிட்டால் பிடரி மரத்துப்போவதாகவும், அசதியும் படபடப்பும் வருவதாகவும் எழுதினார். சோயா சாஸ், சமையல் ஒயின், மோனோசோடியம் குளுட்டமேட், உப்பு என்று பல காரணங்களைச் சந்தேகமாகவே அடுக்கினார். எதையும் முடிவாகச் சொல்லவில்லை. கடிதத்துக்கு இதழ் வைத்த தலைப்பு 'சீன உணவக நோய்க்குறி'. தலைப்பு நிலைத்தது, சந்தேகம் தீர்ப்பாகிவிட்டது. நாம் அஜினோமோட்டோ என்று சொல்லும் மோனோசோடியம் குளுட்டமேட் மட்டும் குற்றவாளிக் கூண்டில் நின்றது.

அதன் ருசிக்குக் காரணமான குளுட்டமேட்டை 1908-இல் ஜப்பானிய வேதியியலாளர் கிக்குனே இகேடா கோம்பு என்ற கடற்பாசியிலிருந்து பிரித்தெடுத்தார். பழுத்த தக்காளி, முதிர்ந்த பாலாடைக்கட்டி, காளான், சோயா சாஸ் எல்லாவற்றிலும் அது இயல்பாகவே இருக்கிறது. இயல்பாக இருப்பதையும் சமையலில் சேர்ப்பதையும் உடம்பு வேறுபடுத்துவதில்லை. உலக சுகாதார நிறுவனமும் உணவு வேளாண் அமைப்பும் சேர்ந்து அமைத்த நிபுணர் குழு 1987-இல் இதை ஆராய்ந்து, தினசரி அளவுக்கு எண்ணிக்கையில் வரம்பு குறிக்கத் தேவையில்லை என்றது. உணவே இல்லாமல் 3 கிராமுக்கு மேல் ஒரேயடியாக உட்கொண்ட சிலருக்குத் தற்காலிகமாகத் தலைவலியோ மதமதப்போ வரலாம் என்கிறது அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம். இது சேர்த்த ஒரு பரிமாறலில் வழக்கமாக இருப்பது அரை கிராமுக்கும் குறைவு என்றும் அதுவே சொல்கிறது. தனக்கு ஒத்துக்கொள்வதில்லை என்று உணர்கிறவர் தவிர்க்கட்டும். கடையில் கேட்டால் போடாமல் செய்து தருவார்கள். ஆனால் ஒரு கடையின் பெயரோடு சேர்த்து 'அஜினோமோட்டோவால் நோய்' என்று அச்சிடுவது வேறு விஷயம்.

உண்மையில் கவலைப்பட வேண்டியது உப்பு. ஒரு மேசைக்கரண்டி லைட் சோயா சாஸில் சுமார் 900 மில்லிகிராம் சோடியம் இருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் ஒரு நாள் முழுவதற்கும் சொல்லும் உச்ச வரம்பு 2,000 மில்லிகிராம். சூப், நூடுல்ஸ், சாஸில் புரட்டிய ஓர் ஐட்டம் என்று மூன்றும் சாப்பிட்டு, மேசையில் இருக்கும் சோயாவையும் ஊற்றினால் வரம்பு ஒரே வேளையில் தாண்டும். நாக்கு வறண்டு இரவெல்லாம் தண்ணீர் தேடுவதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை. எடையளவில் உப்பில் 39 விழுக்காடு சோடியம். மோனோசோடியம் குளுட்டமேட்டில் 12 விழுக்காடு. உப்பைக் குறைத்து இதைச் சிறிது சேர்த்தால் மொத்தச் சோடியம் குறையவே செய்யும்.

சைவர்கள் கேட்க வேண்டிய கேள்வி வேறு. 'வெஜ்தானே?' என்றால் 'ஆமாம்' என்றே பதில் வரும். துண்டுகளில் இறைச்சி இல்லை என்பதுதான் அதன் பொருள். கேள்வியைப் பிரித்துக் கேளுங்கள். சூப்பின் அடிச்சாறு எது? சிக்கன் பவுடர் போடுகிறீர்களா? சிப்பியில் செய்யும் ஆய்ஸ்டர் சாஸ் உண்டா? பொரிக்கும் எண்ணெய் தனியா? கீரை வதக்கல் பெரும்பாலும் ஆய்ஸ்டர் சாஸோடுதான் வரும். மாப்போ டோஃபுவில் கொத்துக்கறி சேர்ப்பதுதான் மரபு. அதே சமயம், 'யூ சியாங்' என்னும் மீன்மணக் கத்தரிக்காயில் மீன் இல்லை. ஊறிய மிளகாய், இஞ்சி, பூண்டு, வெங்காயத்தாள், சர்க்கரை, வினிகர் சேர்ந்த மணத்துக்குத்தான் அந்தப் பெயர். ஆனால் சில கடைகள் அதிலும் கொத்துக்கறி போடுகின்றன. சீனாவின் பௌத்த மடங்களில் வளர்ந்த சைவச் சமையல் தனியே உண்டு. பூண்டும் வெங்காயமும்கூட அதில் விலக்கு. மெனுவில் 'லோஹான்' காய்கறி என்று இருந்தால் அந்த வழியில் வந்தது.

ஒவ்வாமை உள்ளவர்கள் இன்னும் கறாராக இருக்க வேண்டும். வழக்கமான சோயா சாஸில் கோதுமை இருக்கிறது. வேர்க்கடலை, எள், முட்டை, சிப்பி, இறால் எல்லாம் ஒரே வாணலியில் அடுத்தடுத்துப் புரள்பவை. நடுவில் ஒரு கரண்டி வெந்நீர் ஊற்றிக் கழுவுவதே வழக்கம். அது ருசி கலக்காமல் இருக்கப் போதும், ஒவ்வாமைக்குப் போதாது.

நூடுல்ஸ் மஞ்சளாக இருந்தால் முட்டை என்று எண்ண வேண்டாம். சோடா போன்ற காரப்பொருள் கரைத்த நீர் சேர்த்துப் பிசைவதாலும் மாவு மஞ்சளாகும், இழுவையும் வரும். டிம் சம் எனப்படும், பெரும்பாலும் ஆவியில் வேகும் சிறு பண்டங்கள் பற்றி ஒரே சொல்: சூடு. ஹார் காவ் என்ற இறால் கொழுக்கட்டையின் மேல்தோல் கோதுமையின் மாவுச்சத்தை மட்டும் பிரித்தெடுத்துச் செய்வது. வந்தவுடன் கண்ணாடிபோல் தெளிவாக இருக்கும், பத்து நிமிடத்தில் விறைத்துவிடும். எடுக்கும்போது தோல் கிழிந்து கூடையில் ஒட்டினால் அதிக நேரம் ஆவியில் இருந்திருக்கிறது.

பொரித்து சாஸில் புரட்டும் ஐட்டங்களில் மொறுமொறுப்பு இல்லை என்ற புகாரில் பார்சலையும் மேசையையும் பிரித்துப் பார்க்க வேண்டும். சரியான முறை இரண்டு முறை பொரிப்பது: 160, 170 டிகிரியில் மூன்று நிமிடம் உள் வேக; சற்று ஆறவிட்டு 190-இல் ஒரு நிமிடம் மேல் ஈரம் போக. பிறகு கெட்டியான சாஸில் சில நொடி புரட்டல். மேசையிலேயே நமுத்திருந்தால் இரண்டாம் பொரிப்பு இல்லை, அல்லது எண்ணெய் சூடு போதவில்லை. பார்சலில் நமுத்திருந்தால் குற்றம் மூடிய டப்பாவுக்குள் அடைபட்ட ஆவியுடையது. சாஸைத் தனியாகக் கேளுங்கள். டப்பாவின் மூடியை ஒரு விரல் அளவு திறந்தே கொண்டுபோங்கள். வீட்டில் நுண்ணலை அடுப்பில் சூடாக்கினால் இன்னும் நமுக்கும். காய்ந்த வாணலியில் புரட்டினால் ஓரளவு மீளும்.

எண்ணெய் பழசானால் பொரித்த துண்டின் நிறம் கறுத்து, உள் வேகும் முன்பே வெளி சிவந்துவிடும். தொண்டையில் பிசுபிசுப்பும் சிக்கன் துண்டில் மீன் வாடையும் இருந்தால் சந்தேகமே வேண்டாம். பல நாடுகளின் விதி, எண்ணெய் சிதைவதால் உண்டாகும் போலார் பொருள்கள் 25 விழுக்காட்டை ஒட்டியதும் அந்த எண்ணெயைக் கொட்டிவிட வேண்டும் என்கிறது. பஃபேயில் இதைவிடப் பெரிய சிக்கல் சூடு. தட்டுகள் 60 டிகிரிக்கு மேல் நிற்க வேண்டும். அந்தச் சூட்டில் வதக்கிய காய் கால் மணி நேரத்தில் துவளும். சிறு தட்டுகளில் கொஞ்சமாக வைத்து அடிக்கடி மாற்றும் கடையே நம்பத் தக்கது.

சேவை பற்றிய புகாரில் ஒன்றை மட்டும் விளக்க விரும்புகிறேன். 'எல்லா ஐட்டமும் சேர்ந்து வரவில்லை, ஒவ்வொன்றாக வந்தது' என்கிறார்கள். வதக்கல் இரண்டு மூன்று நிமிட வேலை. ஆனதும் அனுப்பாமல் மற்றதற்காகக் காத்திருந்தால் முதலில் ஆனது பாழாகும். எல்லாவற்றையும் நடுவில் வைத்துப் பகிர்ந்து உண்பதற்கான உணவு இது. அவரவர் தட்டு அவரவருக்கு என்று கேட்டால் அந்த ஒழுங்கு குலையும். நான்கு பேர் என்றால் நான்கு வெவ்வேறு ஐட்டங்கள், ஒன்று ஆவியில் வெந்தது, ஒன்று பொரித்தது, ஒன்று கீரை, ஒன்று சாஸோடு என்று கேட்டால் நெருக்கடியும் ஒரே வாணலியில் விழாது. ஆனால் முதல் ஐட்டத்துக்கே 40 நிமிடம் காத்திருக்க வைத்தால் அது சமையல் நேரம் ஆகாது, வரிசை நேரம். அதைக் குறையாக எழுதலாம்.

மேசையிலேயே சொல்லிவிடுவது எல்லாவற்றிலும் நல்லது. மூன்று நிமிடத்தில் மறுபடி செய்து தரக்கூடிய சமையல் இது. இரண்டு வாய் சாப்பிட்டதும், குரல் உயர்த்தாமல், 'காய் நீர் விட்டிருக்கிறது, தனியாக வதக்கித் தர முடியுமா' என்றால் பெரும்பாலான கடைகள் மாற்றித் தரும். தட்டைக் காலி செய்த பின் சொல்லும் குறையை யாராலும் சரிபார்க்க முடியாது.

ஆசிரியரிடம் ஒரு வேண்டுகோள். உணவகம் பற்றிய கடிதங்களை வெளியிடும்போது நான்கு விவரங்களை எழுதியவரிடம் கேட்டு வாங்குங்கள்: எந்த ஐட்டம், எந்த நாள் எந்த நேரம், கடையில் உட்கார்ந்தா பார்சலா, கடையில் சொன்னபோது என்ன பதில் வந்தது. உடல்நலக் குறைவு என்றால் சாப்பிட்டதற்கும் அறிகுறிக்கும் இடைப்பட்ட மணி நேரமும் வேண்டும். தலைப்பு வைக்கும் உதவி ஆசிரியர் 1968-ஆம் ஆண்டின் அந்தக் கடிதத்தையும் ஒருமுறை நினைவில் கொள்ளட்டும்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்